ஒரு நிமிடம் காத்திருக்கவும்

பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை.
ஓஸ்டாப் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுகிறார்.
பற்றாத மோட்டாரின் பக்கத்தில்
அறுபது வினாடிக்கு யாரும் போகக் கூடாது.

அக்டோபர். கனோலா அறுத்து முடித்த வயல்.
சஸ்காட்செவனில் தூரம் என்பது
மறைக்க எதுவும் இல்லாததன் பெயர்.
ரயில் ஒன்று கால் மணி நேரமாகப் போய்க்கொண்டே இருக்கிறது.
என் ராக்கெட் முழங்கால் உயரம்,
அட்டைக் குழாய், பால்சா இறக்கை,
ஆரஞ்சு நிறம், ஓர் இடத்தில் வழிந்திருக்கிறது.

பிழைப்புக்கு நான் ஃபர்னஸ் பழுது பார்ப்பவள்.
தீ ஏன் பற்றவில்லை என்று கேட்கத்தான்
பனிக்கால இரவுகளில் என்னை எழுப்புகிறார்கள்.
முதலில் வயர், பிறகு காற்று,
எரிபொருள் கடைசியில்.
இந்த வரிசையில்தான் எதையும் சந்தேகிப்பேன்.
மனிதர்களிடம் இந்த வரிசை உதவியதில்லை.

இருபது வினாடி.

பன்னிரண்டு வயதில்
பள்ளி மைதானத்தில் எங்கள் ராக்கெட்
கம்பியை விட்டு ஒரு முழம்கூட ஏறாமல் வெடித்தது.
இறக்கைகள் மூன்று திசையில்.
"மார்சி மோட்டாரைத் தப்பாகச் செருகிவிட்டாள்" என்றான் லோர்ன்.
அதை நன்றி நாள் விருந்துகளில் சொன்னான்.
தன் கல்யாணத்தில் மைக் பிடித்துச் சொன்னான்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும்.
பிறகு முப்பத்தொன்பது வருடம்
கருமருந்து வாசனை வரும் எதையும் நான் தொடவில்லை.

இந்த வசந்தத்தில் அப்பாவின் கராஜைக் காலி செய்தபோது
பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் அதே பெட்டி,
மிச்சம் மூன்று மோட்டார்.
இலையுதிர் காலத்தில் வாங்கியது, மே மாதம்வரை
அந்தத் தகரக் கூரைக்கடியில் கிடந்தது.
மைனஸ் நாற்பது, பிறகு சன்னல் வழி வெயில்,
மறுபடி மைனஸ் நாற்பது.
குளிரில் மருந்து ஓர் அளவு சுருங்கும்,
காகிதக் குழாய் வேறோர் அளவு.
நடுவில் ஒரு மயிரிழை.
தீ அந்த மயிரிழையை வாசல் என்று எடுத்துக்கொள்ளும்.

ஓஸ்டாப்பின் சரளைக் குழியில்
மூன்றையும் தலைகீழாக மணலில் புதைத்து
முப்பது மீட்டர் வயருக்கு இப்பால் நின்று பற்றவைத்தோம்.
மூன்றில் மூன்றும் வெடித்தன.
இரண்டாவதற்கே எனக்குக் கை தட்டத் தோன்றியது.

அன்றிரவே ரெஜைனாவுக்கு ஃபோன் போட்டேன்.
நான் செருகியது சரி, லோர்ன். மோட்டார்தான் விரிசல்.
"எந்த ராக்கெட்?" என்றான்.
உண்மையாகவே கேட்டான்.
அப்புறம், தன் ஃபர்னஸ் ராத்திரியில் டக்டக் என்கிறது,
என்னவாக இருக்கும் என்றான்.
ஃபில்டரை மாற்று என்றேன்.

அறுபது.

பாதுகாப்புச் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு
குனிந்து பார்க்கிறேன்.
இக்னைட்டர் நாசிலை விட்டு நழுவியிருக்கிறது,
மருந்தைத் தொடவே இல்லை.
கிளிப்பின் பல்லில் போன ஏவலின் கரி.
உப்புத்தாளால் தேய்த்து, புதிதாக ஒன்றை உள்ளே தள்ளி,
அடைப்பானைக் கட்டைவிரலால் அழுத்தி,
வயர்கள் ஒன்றையொன்று தொடவில்லையே என்று
இரண்டு முறை பார்த்துத் திரும்பினேன்.

எண்ணினோம். அழுத்தினேன்.

சீறல் காதுக்கு வருவதற்குள்
கம்பி காலி.
புகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது,
யாரோ சொல்ல வந்து மறந்ததுபோல.

மோட்டாரின் மேல் டி-பன்னிரண்டு-ஐந்து என்று அச்சிட்டிருக்கும்.
அந்தக் கடைசி ஐந்து, தீ முடிந்த பின்
பாராசூட் விரியும்வரை
வெறுமனே ஏற வேண்டிய வினாடிகள்.
ஒன்று. இரண்டு.
ஓஸ்டாப் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.
நான்கு. ஐந்து.
ஒன்றும் இல்லை.
ஆறு.

ஆரஞ்சுப் பொட்டு ஒன்று விரிந்து
ரயில் பாதைப் பக்கம் சாய்ந்து போயிற்று.

நடக்கத் தொடங்கும் முன் நோட்டில் எழுதினேன்:
தாமதம் ஆறு.
காரணம் தெரியவில்லை.